வீடு தேடிச் சென்ற உதவித்தொகை: கலீபா உமர் (ரலி) அவர்களின் வாழ்க்கை

உழைத்த கரங்கள் ஒரு நாள் ஓய்ந்துவிடும். ஒளி வீசிய கண்கள் மங்கிவிடும். நிமிர்ந்து நடந்தவர் கோலை ஊன்றும் காலம் வரும். அந்த நாளில் மனிதன் யாருடைய வாசலில் போய் நிற்பான்? பெற்ற மகனுடைய வாசலிலா? செல்வந்தருடைய வாசலிலா? அல்லது அவன் நாட்டின் அரசு அவனுடைய வாசலைத் தேடி வருமா? ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்னர் அரபு நாட்டின் மதீனா நகரிலிருந்து ஆட்சி புரிந்த ஒரு பெருந்தகை, இந்தக் கேள்விக்கு விடை காண்பதிலேயே தமது இரவுகளையும் பகல்களையும் செலவிட்டார்கள். அவர்களே இஸ்லாத்தின் இரண்டாம் கலீபா, ஹளரத் உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்கள்.

அவர்களுடைய வீரத்தைப் பற்றியும் வெற்றிகளைப் பற்றியும் நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். முதியவருக்கும், கண்ணிழந்தவருக்கும், கையிழந்தவருக்கும், விதவைக்கும், பால் குடிக்கும் சிசுவுக்கும் பொது நிதியிலிருந்து உரிய பங்கை ஒழுங்காக வழங்க அவர்கள் எடுத்த முயற்சியை மட்டும் இங்கே காண்போம்.

ஒட்டகம் மேய்த்த இளைஞர்

உமர் (ரலி) அவர்கள் ஏறத்தாழ கி.பி. 584ஆம் ஆண்டில் மக்காவில், குறைஷிக் குலத்தின் பனூ அதீ கிளையில் பிறந்தார்கள். தந்தை கத்தாப் மிகவும் கண்டிப்பானவர். இளமையில் மக்காவுக்கு அருகிலுள்ள ளஜ்னான் என்னும் பள்ளத்தாக்கில் தந்தையின் ஒட்டகங்களை மேய்த்தார்கள். களைத்துச் சோர்ந்தால் அடி கிடைக்கும். பிற்காலத்தில் கலீபாவாக அந்த வழியே சென்றபோது அங்கே நின்று, அன்று தாம் இருந்த நிலையையும் இன்று தமக்கும் இறைவனுக்கும் இடையே மேலதிகாரி எவரும் இல்லாத நிலையையும் எண்ணி உருகினார்கள் என்று வரலாறு கூறுகிறது. கஷ்டத்தை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர் அவர்கள். உடம்பால் அறிந்தவர்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே இருந்த அக்காலத்து மக்காவில் அவர்கள் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். வணிகத்தின் பொருட்டு ஷாம் தேசம் வரை சென்று வந்தார்கள். இஸ்லாத்தைக் கடுமையாக எதிர்த்து நின்று, பின்னர் தங்கை ஃபாத்திமாவின் வீட்டில் திருக்குர்ஆனைக் கேட்டு மனம் மாறிய வரலாறு யாவரும் அறிந்ததே. கி.பி. 622இல் ஹிஜ்ரத் செய்து மதீனாவில் குடியேறினார்கள். கி.பி. 632இல் பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்தபின், ஹளரத் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சிக்கு வலக்கரமாய் விளங்கினார்கள்.

அந்த நாட்களில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. மதீனாவின் ஓரத்தில் கண் பார்வையற்ற ஒரு மூதாட்டி தனியே வாழ்ந்து வந்தார். அவருக்குத் தண்ணீர் எடுத்து வைக்கவும் வீட்டு வேலைகளைச் செய்து கொடுக்கவும் உமர் (ரலி) அவர்கள் இரவில் செல்வார்கள். ஆனால் அவர்கள் செல்வதற்கு முன்பே வேறு எவரோ எல்லா வேலைகளையும் முடித்துவிட்டுப் போயிருப்பார். ஒரு நாள் மறைந்திருந்து பார்த்தார்கள். வந்தவர் அன்றைய கலீபா அபூபக்ர் (ரலி) அவர்களே!

தனி மனிதரின் இரக்கத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆயினும், ஒருவர் இரவில் எத்தனை வீடுகளுக்குச் செல்ல முடியும்? ஒரு கலீபாவின் கை எட்டாத தூரத்தில் எத்தனை மூதாட்டிகள் இருப்பார்கள்? பிற்காலத்தில் உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்திய அமைப்பு இந்தக் கேள்விக்கே பதில் சொல்லிற்று.

வருங்காலத்தவரின் பங்கு

கி.பி. 634இல் அபூபக்ர் (ரலி) அவர்கள் காலமானதும் உமர் (ரலி) அவர்கள் கலீபாவானார்கள். பொது நிதியிலிருந்து தமக்கென அவர்கள் ஏற்றுக்கொண்டது என்ன? கோடைக்கு ஓர் ஆடை, குளிருக்கு ஓர் ஆடை, ஹஜ்ஜும் உம்ராவும் செய்வதற்கு ஒரு வாகனம், குறைஷியரில் நடுத்தரக் குடும்பம் ஒன்று உண்ணும் உணவு. அநாதையின் சொத்துக்குப் பொறுப்பேற்ற காப்பாளரைப் போன்றதே தமது நிலை என்று கருதினார்கள். வசதியிருந்தால் அச்சொத்தைத் தொடக்கூடாது. வசதியில்லையேல் நியாயமான அளவுக்கு மேல் எடுக்கக்கூடாது.

அவர்களுடைய காலத்தில் ஷாமும் இராக்கும் எகிப்தும் இஸ்லாமிய ஆட்சியின் கீழ் வந்தன. இராக்கின் செழுமையான விளைநிலங்களைப் போரில் பங்கு கொண்டவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நபித்தோழர்களில் சிலர் வற்புறுத்தினார்கள். வழக்கமும் அவ்வாறே இருந்தது. ஆனால் உமர் (ரலி) அவர்கள் இசையவில்லை. இன்றிருப்போருக்கே நிலம் முழுவதையும் பங்கிட்டுவிட்டால், நாளை வரப்போகும் தலைமுறைக்கும் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் என்ன மிஞ்சும் என்பதே அவர்களுடைய வாதம். பல நாட்கள் ஆலோசனை நடந்தது. பின்னால் வருவோருக்கும் பங்குண்டு என்பதற்குத் திருக்குர்ஆனின் ஹஷ்ர் அத்தியாயத்தை ஆதாரமாக எடுத்துக் காட்டினார்கள். முடிவில் நிலம் உழுதவர்களிடமே விடப்பட்டது. அதன் மீது கராஜ் என்னும் நிலவரி விதிக்கப்பட்டு, அந்த வருமானம் பொது நிதியான பைத்துல்மாலைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்க வேண்டுமானால் ஆண்டுதோறும் வருமானம் வேண்டுமல்லவா? அதற்கான ஊற்று இவ்வாறு அமைந்தது.

திறக்கப்பட்ட பதிவேடு

ஒரு நாள் மாலை, பஹ்ரைனிலிருந்து அபூஹுரைரா (ரலி) அவர்கள் திரும்பி வந்தார்கள். கொண்டு வந்த தொகை 5,00,000 திர்ஹம்! உமர் (ரலி) அவர்களால் நம்ப முடியவில்லை. பயணக் களைப்பில் ஏதோ பேசுகிறார் என்று எண்ணி, போய் உறங்கிவிட்டுக் காலையில் வருமாறு கூறி அனுப்பினார்கள். காலையிலும் அதே தொகைதான் சொல்லப்பட்டது. இவ்வளவு பெரும் பொருளை அள்ளிக் கொடுப்பதா, அளந்து கொடுப்பதா, எண்ணிக் கொடுப்பதா என்று மக்களைக் கூட்டி யோசனை கேட்டார்கள். ஷாம் தேசத்து மன்னர்கள் பதிவேடு வைத்திருப்பதைக் கண்ட ஒருவர், நாமும் அவ்வாறே செய்யலாமே என்றார். அவ்வாறு பிறந்ததே திவான் என்னும் பெயர்ப் பதிவேடு. இது ஹிஜ்ரி 15இல் நடந்ததென்று சிலரும் 20இல் நடந்ததென்று சிலரும் எழுதியுள்ளனர்.

அப்பொழுது அபூஸுஃப்யான் (ரலி) அவர்கள் ஓர் ஐயத்தை எழுப்பினார்கள். மக்களுக்குப் பதிவேட்டின்படி பணம் கொடுக்கத் தொடங்கினால் அதையே நம்பி வாணிபத்தைக் கைவிட்டுவிடுவார்கள் என்று எச்சரித்தார்கள். இன்றைக்கும் எந்த நாட்டில் உதவித்தொகை பற்றிப் பேச்செழுந்தாலும் இதே ஐயம் கிளம்புவதைக் காண்கிறோம். உமர் (ரலி) அவர்கள் அந்த ஐயத்தை அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் பொதுச் செல்வம் பெருகிவிட்டதென்றும், இதைத் தவிர வேறு வழி இல்லையென்றும் விடையளித்தார்கள்.

வம்சாவளியை நன்கு அறிந்த அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் ஆகிய மூவரும் பெயர்களை எழுதினார்கள். முதலில் பெருமானாரின் பனூ ஹாஷிம் குடும்பத்தையும், அடுத்து அபூபக்ரின் குடும்பத்தையும், அதற்கடுத்து உமரின் குடும்பத்தையும் வரிசைப்படுத்திக் கொண்டு வந்தார்கள். கலீபா அதைப் பார்த்து, பெருமானாரின் உறவில் நெருங்கியவர்களை முன்னும் தூரமானவர்களைப் பின்னும் எழுதச் செய்து, தமது பனூ அதீ கிளையை அதற்குரிய பின் வரிசையிலேயே வைக்குமாறு பணித்தார்கள். தம் கிளையார் வந்து முறையிட்டும் மசியவில்லை.

பத்ருப் போரில் பங்கு பெற்றோருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம் என்றும், அதற்குப் பிற்பட்டவர்களுக்கு அவரவர் தொண்டுக்கேற்பக் குறைவாகவும் தொகை நிர்ணயிக்கப்பட்டது. பெருமானாரின் துணைவியருக்கு அனைவரினும் அதிகமாக வழங்கப்பட்டது. தம் மகன் அப்துல்லாஹ்வுக்கு உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களைவிடக் குறைவாகவே விதித்தார்கள். மகன் காரணம் கேட்டபோது, உஸாமாவும் அவருடைய தந்தையும் பெருமானாருக்கு நம்மைவிடப் பிரியமானவர்களாக இருந்தார்கள் என்பதை நினைவூட்டினார்கள். வீதியில் கண்டெடுக்கப்பட்ட, தாய் தந்தை யாரென்று தெரியாத குழந்தைக்கும் 100 திர்ஹம் எழுதப்பட்டது. அதற்குப் பாலூட்டும் செலவையும் பராமரிப்புச் செலவையும் பைத்துல்மாலே ஏற்றது.

பணத்தோடு தானியமும் வழங்க எண்ணினார்கள். ஒருவருக்கு எவ்வளவு போதும்? உத்தேசமாகச் சொல்லிவிடவில்லை. ஜரீப் என்னும் அளவில் ஒரு ஜரீப் தானியத்தை மாவாக்கி, ரொட்டி சுட்டு, எண்ணெய் சேர்த்து, 30 பேரை அழைத்து உண்ணச் செய்தார்கள். 30 பேரும் வயிறார உண்டனர். மாலையிலும் அவ்வாறே செய்து பார்த்தார்கள். நாளைக்கு இரு வேளையாக, மாதத்துக்கு ஒருவருக்கு இரண்டு ஜரீப் போதும் என்று கணக்கு முடிந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அடிமைக்கும் அதே அளவு! கொடுப்பது ஏழைக்குப் போதுமா என்பதை ஏழையின் வயிற்றைக் கொண்டே அளந்த ஆட்சியாளர் அவர்கள்.

பெயரை எழுதிவிட்டால் போதாது, பணம் கைக்குப் போய்ச் சேர வேண்டுமே! குஸாஆ கோத்திரத்தாரின் பதிவேட்டைத் தாமே சுமந்துகொண்டு குதைத் என்னும் ஊருக்குச் செல்வார்கள். அங்கே கன்னிப் பெண்ணாயினும் மணமானவளாயினும் ஒருத்தி விடாமல் ஒவ்வொருவர் கையிலும் தாமே கொடுப்பார்கள். பின்னர் உஸ்ஃபானுக்குச் சென்று அங்கும் அவ்வாறே செய்வார்கள். தாம் உயிரோடிருந்தால், யெமன் நாட்டு ஸன்ஆ மலையில் ஆடு மேய்க்கும் இடையனுக்கும் அவனுடைய பங்கு அவன் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரும், அதற்காக அலைந்து அவன் முகம் சிவக்க நேராது என்று அவர்கள் கூறியதுண்டு.

அன்பர்களே, அந்த முகச் சிவப்பைச் சிந்தியுங்கள். கேட்பவனுடைய முகம் வெட்கத்தால் சிவக்கிறது. அலைபவனுடைய முகம் வெயிலால் சிவக்கிறது. இரண்டும் வேண்டாம் என்பதே அவர்களுடைய கொள்கை.

அழ வைத்த ஒரு சட்டம்

நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட விதியும் எங்கோ ஒரு மூலையில் எவரையேனும் வருத்தக்கூடும். தாய்ப்பால் மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்று முதலில் விதி செய்திருந்தார்கள்.

ஓர் இரவு மதீனாவின் தொழுகைத் திடலில் வணிகக் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. அவர்களைக் காவல் காக்க அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை உடன் அழைத்துக்கொண்டு கலீபாவே சென்றார்கள். இரவெல்லாம் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. இருமுறை அந்தத் தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்குமாறு கூறித் திரும்பினார்கள். அழுகை ஓயவில்லை. மூன்றாம் முறை சென்று கடிந்துகொண்டபோது அந்தப் பெண், வந்திருப்பவர் யாரென்று அறியாமலே உண்மையைச் சொன்னாள். பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் தொகை எழுதுகிறார், அதனால் காலத்துக்கு முன்பே பாலை மறக்கடிக்க முயல்கிறேன், பிள்ளை ஏற்க மறுக்கிறது என்பதே அவள் பதில்.

அன்று பஜ்ருத் தொழுகையில் அவர்கள் ஓதியது பின்னால் நின்றவர்களுக்கு விளங்கவில்லை. அழுகை ஓதலை மூடிவிட்டது. தம்முடைய விதியினால் முஸ்லிம்களின் எத்தனை பிள்ளைகள் மாண்டார்களோ என்று கலங்கினார்கள். தொழுகை முடிந்ததும், பிள்ளைகளைப் பால் மறக்கடிக்க அவசரப்பட வேண்டாம், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இனித் தொகை உண்டு என்று பறைசாற்றச் செய்தார்கள். எல்லா மாநிலங்களுக்கும் இதை எழுதி அனுப்பினார்கள்.

தவறு நேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள அவர்கள் ஓர் இரவுக்கு மேல் தாமதிக்கவில்லை. விண்ணப்பித்தவள் மீது குற்றம் காணவில்லை. விதியின் மீதே குற்றம் கண்டார்கள். நிர்வாகப் பொறுப்பிலுள்ள ஒவ்வொருவரும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய பாடம் இது.

கையிழந்தவரும் கண்ணிழந்தவரும்

கலீபா அவர்கள் மக்களுக்கு உணவு பரிமாறி மேற்பார்வையிடுவது வழக்கம். ஒருமுறை ஒருவர் இடக்கையால் உண்பதைக் கண்டு, வலக்கையால் உண்ணுமாறு கூறினார்கள். அது வேலையாய் இருக்கிறது என்றார் அவர். மீண்டும் வந்தபோதும் அதே விடை. மூன்றாம் முறை, அப்படி என்ன வேலை என்று வினவினார்கள். கி.பி. 629இல் நடந்த மூத்தா போரில் அந்தக் கை வெட்டுண்டு போயிற்று என்பது அப்போதுதான் தெரிந்தது. கலீபா அவர்கள் அவர் அருகில் அமர்ந்து அழலானார்கள். உளூச் செய்ய உதவுவது யார், தலையைக் கழுவிவிடுவது யார், துணி துவைத்துத் தருவது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒரு பணியாளையும் ஒரு வாகனத்தையும் உணவுப் பொருளையும் அவருக்கு வழங்க உத்தரவிட்டார்கள்.

ஊனமுற்றவருக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. அந்த மனிதரின் ஒரு நாளைக் காலையிலிருந்து எண்ணிப் பார்த்தார்கள். எங்கெங்கே அந்த இழந்த கை தேவைப்படும் என்று யோசித்தார்கள். அதற்கு ஈடாக உதவியை அமைத்தார்கள்.

பைத்துல்மாலின் பொறுப்பாளர்களில் ஒருவராக அவர்கள் நியமித்த முஐகீப் (ரலி) அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருமானாரின் முத்திரை மோதிரத்துக்குப் பொறுப்பாக இருந்த தோழர் அவர்கள். தொழுநோய் அவர்களைப் பற்றியிருந்தது. நோயைக் காரணம் காட்டி அவர்களை ஒதுக்கிவிடவில்லை. பொது நிதியையே நம்பி ஒப்படைத்து, ஒரே தட்டில் உடனிருந்து உண்டார்கள் கலீபா அவர்கள். யெமனிலிருந்து வந்த இருவரிடம் மருத்துவம் கேட்டார்கள். நோயை அடியோடு போக்க முடியாது, மேலும் பரவாமல் நிறுத்தலாம் என்று கூறிய அவர்கள், ஆற்றுத்தும்மட்டிக் காயைப் பிளந்து அவருடைய உள்ளங்காலில் தேய்த்துச் சிகிச்சை செய்தார்கள். அதன்பின் நோய் வளரவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

இந்த உதவி முஸ்லிம்களுக்கு மட்டும்தானா? இல்லை. ஒரு வீட்டு வாசலில் பார்வையிழந்த முதியவர் ஒருவர் யாசித்து நின்றார். கலீபா விசாரித்தார்கள். அவர் யூதர். ஜிஸ்யா வரியும், வறுமையும், முதுமையும் தம்மை இந்நிலைக்குத் தள்ளியதாகச் சொன்னார். உமர் (ரலி) அவர்கள் அவருடைய கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, இருந்ததைக் கொடுத்தார்கள். பின்னர் பைத்துல்மாலின் பொறுப்பாளரிடம் அவரை அனுப்பி, இவரையும் இவரைப் போன்றோரையும் கவனிக்குமாறு ஆணையிட்டார்கள். இளமையில் அவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். அவரும் அவரையொத்தவர்களும் வரியிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஜகாத்துக்கு உரியவர்களாகத் திருக்குர்ஆன் சொல்லும் எட்டு வகையினருள் மிஸ்கீன்கள் என்னும் சொல், வேதக்காரர்களில் உள்ள ஏழைகளையும் அடக்கும் என்று விளக்கம் தந்தார்கள். ஷாம் பயணத்தில் ஜாபியாவுக்குச் செல்லும் வழியில் தொழுநோயுற்ற கிறிஸ்தவர்களைக் கண்டபோதும், அவர்களுக்குப் பொருளும் தொடர்ந்து உணவும் வழங்கச் செய்தார்கள்.

உழைக்கும் வயதில் ஒரு குடிமகன் தந்ததை அவனுடைய தள்ளாத வயதில் திருப்பித் தருவது சலுகையன்று, கடன் என்னும் கருத்து அந்த ஒரு தீர்ப்பில் அடங்கியுள்ளது. இக்காலத்து ஓய்வூதியத்தின் உயிர்க் கருத்தும் அதுவன்றோ!

சாம்பல் ஆண்டு

ஹிஜ்ரி 18, அதாவது கி.பி. 639. ஹிஜாஸ் பகுதியில் மழை பொய்த்தது. புழுதி சாம்பலைப் போலப் பறந்ததால் அதற்குச் சாம்பல் ஆண்டு என்றே பெயர் ஏற்பட்டது. பாலைவன மக்கள் கூட்டம் கூட்டமாக மதீனாவை நோக்கி வந்தார்கள். ஷாமிலிருந்து அபூஉபைதா (ரலி) அவர்கள் 4,000 ஒட்டகச் சுமை உணவோடு வந்து சேர்ந்தார்கள். நகரின் ஒவ்வொரு திசையிலும் வருவோரைக் கவனிக்க ஆட்கள் நியமிக்கப்பட்டனர். அவர்கள் மாலைதோறும் கலீபாவிடம் கூடி நடந்ததைத் தெரிவிக்க வேண்டும்.

ஓர் இரவு, பொதுப் பந்தியில் உண்டவர்களை எண்ணச் சொன்னார்கள். 7,000 பேர். அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. பந்திக்கு வர இயலாத நோயாளிகள், குழந்தைகள், குடும்பத்தார் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னார்கள். 40,000 பேர்! சில நாட்களில் பந்திக்கு வந்தோர் 10,000, வர இயலாதோர் 50,000 என்று பெருகிற்று. அவர்களுக்கெல்லாம் இருக்குமிடத்துக்கே உணவு சென்றது. வந்து நிற்பவனின் பசி கண்ணுக்குத் தெரியும். வர முடியாதவனின் பசியை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். இந்த நுட்பம் தெரிந்த ஆட்சியாளர் உலகில் சிலரே.

மக்களின் பஞ்சம் தீரும் வரை நெய்யையும் பாலையும் இறைச்சியையும் தொடுவதில்லை என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்கள். எண்ணெயையே உண்டு அவர்களுடைய சிவந்த மேனி கறுத்தது. அவ்வாண்டு ஜகாத் வசூலை நிறுத்தி வைத்தார்கள். மழை பெய்து வளம் திரும்பிய பின்னரே அதை வசூலித்து, அதிலும் பாதியை அந்தந்தப் பகுதி ஏழைகளுக்கே பங்கிடச் செய்தார்கள். மழை பெய்ததும், வந்திருந்தவர்களுக்கு வழியுணவும் வாகனமும் தந்து அவரவர் ஊருக்கு அனுப்பி வைத்தார்கள்.

உழைக்க முடிந்தவரும் முடியாதவரும்

அபூஸுஃப்யான் (ரலி) அவர்கள் எழுப்பிய ஐயத்தை இங்கே மறுபடி நினைவுகூர வேண்டும். உடல் வலுவிருந்தும் உழைக்காமல், இறைவனை நம்பியிருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பிறர் கையை எதிர்பார்த்திருந்த யெமன் நாட்டார் சிலரை உமர் (ரலி) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். விதையை மண்ணில் இட்டுவிட்டு இறைவனை நம்புகிறவனே உண்மையில் நம்பிக்கையாளன் என்று உணர்த்தினார்கள். இயலாதவரிடம் காட்டிய கனிவும் இயன்றவரிடம் காட்டிய கண்டிப்பும் ஒரே மனிதரிடம் ஒருங்கே இருந்தன. ஆனால் சோம்பேறிகள் சிலர் இருக்கிறார்கள் என்பதற்காக முதியவரின் கதவை அவர்கள் மூடிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிறைவேறாத விருப்பம்

அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் காலத்தில் எல்லோருக்கும் சமமாகவே பங்கிட்டார்கள். தொண்டின் பலனை இறைவன் மறுமையில் அளிப்பான், இவ்வுலக வாழ்க்கைத் தேவையில் அனைவரும் சமமே என்பது அவர்கள் கருத்து. உமர் (ரலி) அவர்களோ, தொடக்க காலத்தில் துன்பம் சுமந்தவரையும் பின்னர் வந்தவரையும் ஒரே தரத்தில் வைக்க மனம் ஒப்பாமல், படிநிலை வைத்தார்கள். இரண்டு கருத்துக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, தம் இறுதிக் காலத்தில், அடுத்த ஆண்டு வரை உயிரோடிருந்தால் கடைசி வரிசையிலுள்ளவரையும் முதல் வரிசையிலுள்ளவரோடு சேர்த்து அனைவரையும் சமமாக்கிவிடுவதாகக் கூறினார்கள். பாலூட்டும் தாயிடம் பாடம் கற்றுக்கொண்ட அதே உள்ளம், தன் பெருந்திட்டத்தையும் திருத்தி எழுதத் தயாராக இருந்தது.

அந்த அடுத்த ஆண்டு வரவில்லை.

இராக்கின் நிலவரிப் பொறுப்பிலிருந்த ஹுதைஃபா (ரலி), உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) ஆகிய இருவரையும் நிறுத்தி, நிலத்தின் சக்திக்கு மேல் வரி சுமத்திவிட்டீர்களோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அல்லாஹ் தமக்கு ஆயுளைத் தந்தால், இராக்கின் விதவைகள் தமக்குப் பின்னர் எந்த ஆணின் கையையும் எதிர்பார்க்கத் தேவையில்லாத நிலையை ஏற்படுத்திவிட்டுச் செல்வதாகச் சொன்னார்கள். அதற்குப் பின் நான்கு நாட்கள்கூட முழுமையாகக் கழியவில்லை. ஹிஜ்ரி 23, துல்ஹஜ் மாத இறுதியில், கி.பி. 644 நவம்பரில், பஜ்ருத் தொழுகையில் நின்றபோது அபூலுஃலுஆ என்பவனால் கத்தியால் குத்தப்பட்டார்கள்.

மரணப் படுக்கையில் தம் மகனிடம் கேட்டது, தமக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்பதுதான். ஏறக்குறைய 86,000 என்று கணக்காயிற்று. அத்தனை பெரிய நாட்டின் பொருள் முழுவதும் தம் கையால் வழங்கப்பட்டிருக்க, தம் கடனுக்குப் பைத்துல்மாலை நாடவில்லை. குடும்பச் சொத்திலிருந்து தீர்க்கவும், போதாவிடில் தம் கிளையாரிடமும் பிறகு குறைஷியரிடமும் பெறவும் வஸிய்யத் செய்தார்கள். அடுத்து வரும் கலீபா, நாட்டுப்புற அரபிகளின் செல்வத்தில் மிஞ்சியதை எடுத்து அவர்களுடைய ஏழைகளுக்கே திருப்பித் தர வேண்டுமென்றும், பாதுகாப்புக்கு உட்பட்ட பிற சமயத்தாரின் உடன்படிக்கையைக் காத்து, அவர்கள் தாங்க முடியாத சுமையைச் சுமத்தக்கூடாதென்றும் அறிவுறுத்தினார்கள். பெருமானாரும் அபூபக்ர் (ரலி) அவர்களும் துயிலும் இடத்தருகே, ஆயிஷா (ரலி) அவர்களின் அனுமதியோடு நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

அன்புச் சகோதரர்களே! முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் அரசுகள் உதவித்தொகை வழங்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். அதை வழங்கும் மேசையின் அந்தப் பக்கம் அமர்ந்திருப்போரும் நம்மவர்கள்தாம். இந்தப் பக்கம் நடுங்கும் கையோடு காகிதத்தை நீட்டுவோரும் நம்மவர்கள்தாம். அந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர் தம்முடையதை அவருக்குக் கொடுக்கவில்லை. அவருடையதையே அவரிடம் சேர்க்கிறார். நாளை வரச் சொல்லித் திருப்பி அனுப்பும் முன்னர், எதிரே நிற்பவரின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்க்கட்டும். அது சிவந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். நம் தெருவில் அந்த மேசை வரை நடந்து செல்ல இயலாத ஒரு முதியவர் இருந்தால், அவருக்காக நடப்பது நம் கால்களின் கடமை. உமர் (ரலி) அவர்கள் நிறைவேற்ற விரும்பி நிறைவேற்ற முடியாமல் விட்டுச் சென்ற பணியில் ஒரு சிறு பகுதியையேனும் செய்யும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.